ஆட்டுப்பால் வைத்தியம்

சங்கரநாராயணனுக்கு வாதம் அடித்தது 1956-ஆம் வருஷம் ஆனி மாதத்தில், தென்காசி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வைத்து. ஒரு கிரயப் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லையை எழுதிக்கொண்டிருந்தார். கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால் என்று வந்தவர் மேற்கில் நின்றுவிட்டார். பேனா விரலை விட்டு நழுவி உருண்டது. எடுக்கக் குனிந்தவர் குனிந்த வாக்கிலேயே சரிந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பத்திரத்துக்கு வந்திருந்த சுந்தரபாண்டியபுரத்துச் சம்சாரி தன் தலைத்துண்டை அவிழ்த்து அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவருக்கு அது கேட்டது. பதில்தான் சொல்ல முடியவில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயது. தாலுகாவில் அவர் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதி அந்தக் கைதான் வீட்டைக் காப்பாற்றியது. பிள்ளை இல்லை. அவரும் மனைவி ஆவுடையம்மாளும்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். உயிருக்குப் பயமில்லை என்று ஆயிற்று. வலது காலில் பாதி பலம் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. உள்ளே வார்த்தை முழுசாகத்தான் இருந்தது. வெளியே வரும்போது நசுங்கி வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஏசுவடியான் ஒரு ரப்பர் பந்தை அவருடைய வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"இனிமே மருந்து பாதி, நீங்க பாதி. காலையில நூறு தரம், சாயந்திரம் நூறு தரம் இத அமுக்கணும். நடக்கணும். பேசணும். வாரவுக போறவுக எல்லார்கிட்டயும் பேசணும்."

சங்கரநாராயணன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. அதை எடுத்துத் தரும்படி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

பேசுவதும் அப்படித்தான் போயிற்று. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவர் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார்கள். காது மந்தமானவரிடம் பேசுவதுபோலச் சத்தம் போட்டுப் பேசினார்கள். அவர் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் முந்திக்கொண்டு முடித்துவைத்தார்கள். ஒரு நாள் ஆவுடையம்மாள் கடைக்குப் போயிருந்தபோது, வந்திருந்த, முன்பு பத்திரம் எழுதிக்கொண்டு போன கட்சிக்காரர் ஒருவரிடம் தண்ணீர் கேட்டார்.

"தந்தியா? தந்தி அடிக்கணுமா? யாருக்கு அண்ணாச்சி?" என்று அவர் பதறி எழுந்து, தபாலாபீசுக்கே கிளம்பிவிட்டார். பாதி வழியில் ஆவுடையம்மாள்தான் பார்த்துத் திருப்பி அனுப்பினாள்.

அன்றோடு சங்கரநாராயணன் வாயை மூடிக்கொண்டார். வேண்டியதெல்லாம் கேட்காமலே நடந்தது. பல் தேய்க்க, குளிக்க, சோறு உண்ண, வேட்டி மாற்ற, எல்லாவற்றுக்கும் ஆவுடையம்மாள் இருந்தாள். அவர் செய்ய மிச்சம் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பது ஒன்றுதான் அவர் தானாகச் செய்தது.

ஆடியில் ஆவுடையம்மாளின் அண்ணன் ரத்தினம் சுரண்டையிலிருந்து வந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எதையும் உடனே முடித்துவிடுகிற மனிதர். குற்றாலத்து அருவியில் ஒரு மண்டலம் தலையைக் கொடுத்தால் வாதம் ஓடிவிடும் என்று சொல்லி, மசூதுவின் குதிரை வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனார். சீசன் கூட்டம். எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்த ஜனங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சங்கரநாராயணன் இடது கையால் வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். ரத்தினம் இழுத்தார், அவர் விடவில்லை.

"அண்ணாச்சிக்கு மனசில்லன்னா விட்டுருங்க. அருவி எங்கன போயிரப் போவுது" என்றான் மசூது.

வெறுங்கையோடு திரும்ப ரத்தினத்துக்கு மனம் வரவில்லை. வரும் வழியில் இலஞ்சியில் ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வைத்தியர் நாடி பார்த்து ஒரு தைலம் கொடுத்தார். வெள்ளாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு காய்ச்சிக் காலையும் மாலையும் கொடுங்கள், ஆறு மாதத்தில் கை எழும் என்றார்.

ஆவுடையம்மாள் ஆட்டைத் தொட்டு வளர்ந்தவள் இல்லை. ஆட்டு வாடை வீட்டுக்குள் வந்துவிடுமே என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு மேலகரத்திலிருந்து சங்கிலிப்பாண்டியை வரச் சொன்னாள். அவன் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவன். கறுப்புப் பெட்டை ஒன்றைக் கொண்டுவந்தான். போன வாரம்தான் அதன் குட்டியைக் குள்ளநரி தூக்கியிருந்தது. ஒரு காது பாதி இல்லை.

"நாய் கடிச்சது ஆச்சி. அதனால மூளின்னு கூப்பிடுதோம். மத்தபடி ஒரு பழுது சொல்ல முடியாது."

"நல்லா வச்சீரு பேரு. சுமங்கலி இருக்குத வீட்டுல காலையும் மாலையும் மூளி மூளின்னா கூப்பிடணும்? அதும் அவுக இப்பிடிக் கிடக்கையில?" என்றாள் ஆவுடையம்மாள். பழைய பேர் கூடாது. புதுப் பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆடு பேரில்லாமலே புறவாசலில் கட்டப்பட்டது.

பால் கறக்கச் சங்கிலிப்பாண்டியின் மனைவி உலகம்மாள் இரண்டு வேளையும் மேலகரத்திலிருந்து நடந்து வந்தாள். சங்கரநாராயணன் பாலைக் குடித்தார். முகத்தைச் சுளித்தாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினைந்து நாள் இப்படிப் போயிற்று. கை எழவில்லை.

ஆவணியில் ஒரு நாள் உலகம்மாள் வரவில்லை. பாவூர்ச்சத்திரத்தில் தாய்க்குச் சுகமில்லை என்று விடிவதற்குள் பஸ் ஏறிவிட்டாள். சங்கிலிப்பாண்டி ஆடுகளோடு அடிவாரத்துக்குப் போயிருந்தான். ஆவுடையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே உட்கார்ந்தாள். முதல் உதையில் செம்பு உருண்டது. இரண்டாவது உதை அவள் மணிக்கட்டில் விழுந்தது. பகலெல்லாம் ஆடு கத்திற்று. உச்சிக்குமேல் மடி கல்லாகக் கட்டிக்கொள்ள, கத்தல் வேறு மாதிரி ஆயிற்று. கறக்கத் தெரிந்தவர் யாரையாவது கூட்டி வருகிறேன் என்று ஆவுடையம்மாள் வெளியே போனாள்.

வீட்டில் சங்கரநாராயணனும் கத்தலும் மட்டும் இருந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இடது காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டார். வலது காது திறந்து கிடந்தது. அதை மூட வேண்டிய கை மூடாது. கத்தல் நிற்கவில்லை. கடைசியில் எழுந்து உட்கார்ந்தார். கம்பை எடுத்தார். அடுக்களை வழியாகப் புறவாசலுக்கு நாலு படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்தப் படிகளில் அவர் தனியாக இறங்கியதில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, காலை நகர்த்தி, அடுத்த படிக்கு வந்தார். பெரிய மனிதர் ஒருவர் இறங்குகிற விதம் அது இல்லைதான். பார்க்க யாரும் இல்லை.

துவைகல்லில் உட்கார்ந்ததும் ஆடு கத்துவதை நிறுத்தி அவரைப் பார்த்தது. அவர் வாயைப் பார்க்கவில்லை. கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. கிட்ட வந்து மோந்தது. செம்பை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் காம்பைப் பிடித்தார். ஆடு ஒரு தரம் காலைத் தூக்கியது; பிறகு வைத்துவிட்டது. உதைக்க முடியாத அளவுக்கு அதற்கு வலி இருந்திருக்கும். சின்ன வயதில் மாமன் வீட்டில் பசு கறப்பதைப் பார்த்திருக்கிறாரே தவிர அவருக்குக் கறந்து பழக்கமில்லை. நாலைந்து இழுப்பு வெறும் காற்றாகப் போய், அப்புறம் ஒரு நூல் பால் செம்பில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் இடது கை ஓய்ந்துவிட்டது. இன்னொரு காம்பு விறைத்து நின்றது. வலது கையைத் தூக்கி அந்தக் காம்பில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. அதன் மேல் இடது கையை வைத்து அமுக்கினார். பால் வந்தது. இரண்டு மாதமாக யாருடைய கையோ போல ஒட்டிக்கொண்டிருந்த கையில், மடியின் சூடு தெரிந்தது. முதலில் அதை நம்பவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். தெரிந்தது.

ஆவுடையம்மாள் யாரும் அகப்படாமல் திரும்பி வந்தபோது, செம்பில் கால் படிப் பால் இருந்தது. அதே அளவு அவர் வேட்டியில் இருந்தது. ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் செம்பை வாங்கிக்கொண்டு போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

ஐந்து நாள் கழித்து உலகம்மாள் வந்தாள். சங்கரநாராயணன் செம்பைக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு விடிந்ததும் படி இறங்க வேண்டியிருந்தது. நேரமாகிவிட்டால் ஆடு கூப்பிட்டது. மூன்று மாதத்தில், தூங்கினீர்களா, வெளிக்குப் போனீர்களா என்பதைத் தவிர அவரிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆடு மட்டும் கேட்டது. புரட்டாசி முடிவதற்குள் வலது கட்டைவிரல் தானாக மடங்கியது. ஐப்பசி மழையில் ஆட்டைத் தாழ்வாரத்துக்கு மாற்றிக் கட்ட வேண்டியிருந்ததால் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார். முதல் முடிச்சுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஆடு அதை ஒரே இழுப்பில் அவிழ்த்துக்கொண்டு செம்பருத்திச் செடியைத் தின்றது.

அந்த மாதத்தில்தான் ஒரு காலை ஆவுடையம்மாள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, புறவாசலிலிருந்து, "ஏட்டி!" என்று சத்தம் கேட்டது. தெளிவான சத்தம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. துருவலைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"என்ன? கூப்பிட்டியளா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆட்டின் பின்னங்கால் செம்புக்குள் இருந்தது. "ஒன்னய... இல்ல. இத" என்றார்.

அவள் ஆட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பின்பு அடுக்களைக்குப் போய் மறுபடி தேங்காயைத் துருவத் தொடங்கினாள். அவரிடமிருந்து முழு வார்த்தை வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, அது ஆட்டுக்குப் போனதற்கு வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அன்று முழுவதும் அந்த ஆட்டை ஏசினார். நில்லுட்டி, காலத் தூக்காதட்டி, கழுத, சனியன். ஏச்சு நசுங்காமல் வந்தது. ஆடு எதையும் முடித்துவைக்க முந்தவில்லை. அவர் தடுமாறினால் அது அசைபோட்டுக்கொண்டு நின்றது.

மார்கழியில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு சிற்றாற்றங்கரைக்குப் போகத் தொடங்கினார். கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். இடது கையில் கம்பு. என்றைக்கோ பிளந்து நிற்கிற கோவில் கோபுரத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ஆடு இழுத்த வேகத்துக்கு நடப்பார். கடைக்காரர்கள் முதலில் எழுந்து நின்றார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். செய்தி சுரண்டைக்குப் போய், ரத்தினம் வந்தார்.

"மச்சான், ஊரு சிரிக்கு. பத்திரம் எழுதுன கையில ஆட்டுக் கயித்தப் பிடிச்சிக்கிட்டு அலையுதிய. நம்ம குடும்பத்துல யாராவது ஆடு மேச்சிருக்காவளா?"

சங்கரநாராயணன் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "நான்... மேய்க்கல. அதுதான் என்னய... மேய்க்கி."

ரத்தினம் காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

தை மாதம் டாக்டர் ஏசுவடியான் வீட்டுக்கு வந்து பார்த்தார். ரத்தக்கொதிப்பு நன்றாக இறங்கியிருந்தது. தன் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். சங்கரநாராயணன் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலித்தது.

"பந்த விடாம அமுக்குனியளோ?"

"பந்து கட்டிலுக்கு அடியில கெடக்கு டாக்டர். எல்லாம் ஆட்டுப்பாலு" என்றாள் ஆவுடையம்மாள்.

"யாரு கறக்கா?"

"அவுகதான்."

"மேய்க்கப் போறது?"

"அவுகதான்."

"பேச்சும் தெளிஞ்சிருக்கே. யாருகிட்ட பேசுதாரு?"

"ஆட்டுகிட்டதான்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். "அப்ப பால நீங்க குடிச்சாலும் அவருக்குச் சொகமாயிரும்மா" என்றார். அவள் சிரிக்கவில்லை. டாக்டரும் அதைச் சிரிப்புக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மாசிக் கடைசியில் பால் வற்றிவிட்டது. சங்கிலிப்பாண்டி வந்து மடியைத் தொட்டுப் பார்த்தான். இதைக் கொண்டுபோய்க் கிடாவுக்குச் சேர்க்கிறேன், அதுவரை பாலுக்கு வேறு ஆடு தருகிறேன் என்றான். ஆவுடையம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. சங்கரநாராயணனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. புது ஆடு வெள்ளை நிறம், சாது, யார் கறந்தாலும் நிற்கும். உலகம்மாள் மறுபடி வந்து கறந்தாள். பால் முன்னைவிடக் கெட்டியாகவே இருந்தது. ஆனால் அவர் படி இறங்கவில்லை. நாலாம் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆறாம் நாள், கை மரத்துவிட்டது என்று சைகை காட்டினார். ஆவுடையம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. பழையபடி சோற்றைப் பிசைந்து ஊட்டத் தொடங்கினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது கட்டிலில் அவர் இல்லை. கம்பும் இல்லை.

அவர் அப்போது குற்றாலம் சாலையில் போய்க்கொண்டிருந்தார். மேலகரம் இரண்டு மைல். பங்குனி வெயில் ஏறுவதற்குமுன் போய்விடலாம் என்று கிளம்பியிருந்தார். முன்னால் இழுக்க ஆடு இல்லாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நடந்தபோதுதான் தெரிந்தது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது இடத்தில் மசூது வண்டியை நிறுத்தினான்.

"ஏறுங்க அண்ணாச்சி. வண்டி சும்மாத்தான் போவுது."

"வேண்டாம். நடந்து... பாக்கேன்."

மசூது கொஞ்ச தூரம் குதிரையை அவர் நடைக்குப் பக்கத்தில் மெதுவாக விட்டான். பிறகு, அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்து, ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

சங்கிலிப்பாண்டியின் வீட்டு முன்னால் அவர் போய் நின்றபோது உலகம்மாள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "அய்யோ, அண்ணாச்சி! தனியாவா வந்தியோ? ஆச்சி எங்க?"

"தண்ணி" என்றார். அவள் ஓடிப்போய்த் தண்ணீர்தான் கொண்டுவந்தாள்.

குடித்துவிட்டுப் பட்டிக்குப் போனார். முப்பது ஆடுகளுக்கு நடுவில் அந்தப் பாதிக் காதை உடனே கண்டுபிடித்துவிட்டார். "ஏட்டி" என்றார். நாலைந்து ஆடுகள் திரும்பிப் பார்த்தன, அது பார்க்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். மெதுவாக வந்தது. அவர் வலது கையை நன்றாக மோந்து பார்த்தது. குழை இல்லை. மோந்து முடித்ததும் திரும்பிக் கிடாவின் பக்கத்துக்கே போய்விட்டது.

சங்கரநாராயணன் பட்டிக் கல்லில் உட்கார்ந்து சிரித்தார். வாதம் வந்தபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தரம். கோணல் வாயில் சிரிப்பு எப்படி இருக்கும் என்று கவலைப்பட அப்போது நேரமில்லை. இத்தனை தூரம் நடந்து வந்தது எதற்கு என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. வந்தாயிற்று என்பது மட்டும் உண்மை. திரும்பும்போது மசூதுவின் வண்டியில் ஏறிக்கொண்டார். வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்ற ஆவுடையம்மாளிடம், "பசிக்கி" என்றார். அன்று அவர் தானே பிசைந்து சாப்பிட்டார்.

வெள்ளை ஆடு திரும்பிப் போயிற்று. கறுப்பு ஆடு சினையாகி வந்து ஆவணியில் இரண்டு குட்டி போட்டது. நடுவில் பால் இல்லாத ஐந்து மாதமும் அவர் அதைத் தினமும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். வைத்தியம் நின்றுபோனதே என்று ஆவுடையம்மாளும் கேட்கவில்லை. அடுத்த தை மாதம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலுக்குத் திரும்பினார். பழைய கையெழுத்து வரவே இல்லை. மற்றவர்கள் எழுதிய பத்திரத்தை வாசித்து எல்லையில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஜனங்கள் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். 1962-இல் ஒரு மழைக்காலத்தில் அந்த ஆடு வயிறு ஊதிச் செத்துப்போயிற்று. அன்று அவர் ஆபீசுக்குப் போகவில்லை. மறுநாள் போனார். அப்போது புறவாசலில் அதன் வழிவந்தவை ஐந்து நின்றன.

அடுத்த வருஷம் கடையநல்லூரிலிருந்து அப்துல் ஜப்பார் என்ற நெசவுக்காரர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். ஏசுவடியான் டாக்டர் அனுப்பினாராம். அப்துல் ஜப்பாரின் மனைவி ரஹ்மத்துன்னிசாவுக்கு உடம்பில் நோய் ஒன்றும் இல்லை. கொழும்புக்குப் போன ஒரே மகன் அங்கேயே காய்ச்சலில் மவுத்தாகிவிட்டான். எட்டு மாதமாக அவள் யாரிடமும் பேசவில்லை. கொடுத்தால் உண்பாள், இல்லாவிட்டால் இல்லை.

"ஒங்ககிட்ட ஆடு இருக்கு, போய்க் கேளும்னாரு டாக்டர். பாலு எத்தன வேள குடுக்கணும் அண்ணாச்சி?"

சங்கரநாராயணன் அவரைப் புறவாசலுக்குக் கூட்டிப் போய், பால்மறந்து ஒரு மாதமான பெட்டைக்குட்டி ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தார். இருப்பதிலேயே சேட்டைக்காரக் குட்டி அது. "அவுககிட்ட... குடுத்துட்டு... நீரு வெளிய போயிரும்" என்றார். அப்துல் ஜப்பார் நம்பிக்கை இல்லாமல் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் வந்த அப்துல் ஜப்பார், அவரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, பத்து நாளு அவ அதத் திரும்பிக்கூடப் பாக்கல. நானும் வீணாப் போச்சுன்னு நெனச்சேன். பதினோராம் நாளு அது அவ தொழுகத் துப்பட்டியத் தின்னுட்டு. பாருங்க, வந்துச்சு ஏச்சு! நாலு வீட்டுக்குக் கேட்டுது. தறியில இருந்த எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இப்ப பொழுதன்னைக்கும் அதோடதான் சண்ட. நேத்து எனக்கும் சேத்து விழுந்துது."

"சாப்பாடு?"

"அது தின்ன மிச்சத்தத் திங்கா. அது போதும்."

சங்கரநாராயணன் தலையாட்டினார். கையிலிருந்த பத்திரத்தை மடித்து வைத்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிக் கேட்டார்: "பாலு எவ்வளவு கறக்கு, பாய்?"

அப்துல் ஜப்பார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பாலா? அது இன்னும் குட்டில்லா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.